என்ஜின் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் அளந்து பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஆடாசிட்டி மென்பொருளைப் பாட்டை வெட்டி ரிங்டோன் செய்யத்தான் டவுன்லோட் செய்கிறார்கள். அந்த வேலை முடிந்ததும் அது டெஸ்க்டாப்பில் சும்மா கிடக்கும். கார் என்ஜினில் திடீரென்று கேட்கும் 'டக் டக்' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடவும் அதே மென்பொருள் உதவும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000-ஆம் ஆண்டு வெளியான இலவச மென்பொருள் இது. நமக்குச் செலவு ஒன்றும் இல்லை.

எங்கள் தேசூரில் பட்டுத் தறி ஓட்டுகிறவர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது. அடுத்த அறையில் இருந்துகொண்டே நாடா சரியாகப் போகவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்லி விடுவார்கள். கார் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். நமக்கு அந்தக் காது இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு நன்றாக எண்ணத் தெரியும். எண்ணினால் பாதி விடை கிடைத்து விடும்.

கணக்கு இதுதான். ஐடிலிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதாவது விநாடிக்கு 15 சுற்று. க்ராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற ஒன்று சுற்றுக்கு ஒரு முறை தட்டினால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 67 மில்லி விநாடி இருக்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஒரு வால்வில் இடைவெளி அதிகமாகி 'டிக் டிக்' என்றால் தட்டுக்குத் தட்டு 133 மில்லி விநாடி. காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும். திரையில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஸ்போர்ட்ஸ் காரானாலும் கணக்கு மாறாது, வேகம்தான் மாறும். 2005-இல் நம் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் ஃபார்முலா 1 காரில் இருந்தது 10 சிலிண்டர் என்ஜின். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் அப்படிப்பட்ட என்ஜினில் விநாடிக்கு 1,500 முறை எரிபொருள் வெடிக்கும். அதனால்தான் அந்தக் கார்கள் உறுமாமல் கீச்சிட்டன.

இனி வேலைக்கு வருவோம். கம்ப்யூட்டரைக் காரிடம் தூக்கிப் போக வேண்டாம், செல்போனிலேயே பதிவு செய்யலாம். ரெக்கார்டரின் செட்டிங்ஸில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் நாம் தேடுகிற சத்தத்தையே அது துடைத்து விடும்! வேவ் வடிவத்தில் சேமிக்க முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடத்துக்கு 5 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கும், பரவாயில்லை. எம்4ஏ ஃபைல் என்றால் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் போட வேண்டியிருக்கலாம்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்று விடும். வேட்டி, துப்பட்டா, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகவே ஓட ஆரம்பிக்கும், அதையும் மறக்காதீர்கள். ஐடிலிங்கில் 20 விநாடி, 1,800 சுற்றில் 20 விநாடி பதிவு செய்தால் போதும்.

ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து, அலைகள் தனித்தனியாகத் தெரியும் வரை பெரிதாக்குங்கள். தட்டும் ஒவ்வொரு இடமும் ஈட்டி போல நிற்கும். முதல் ஈட்டியிலிருந்து 11-வது ஈட்டி வரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, கீழே காட்டும் நேரத்தைப் பத்தால் வகுங்கள். 1,800 சுற்றுப் பதிவிலும் இதையே செய்யுங்கள். இடைவெளி சரிபாதியானால் சத்தம் என்ஜின் சுழற்சியோடு சேர்ந்தது. சுழற்சியோடு மாறினாலும் 67, 133 இரண்டுக்குமே பொருந்தவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் போன்ற பெல்ட்டில் ஓடுகிறவற்றைச் சந்தேகப்படலாம். அவற்றின் புல்லி அளவு வேறு என்பதால் வேகமும் வேறு. தட்டாமல் 'உய்ய்' என்று ஊளையிட்டால் அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் க்ளிக் செய்யுங்கள். எந்த அதிர்வெண்ணில் முகடு நிற்கிறது, வேகம் கூடும்போது அது நகர்கிறதா என்று பார்க்கலாம்.

எங்கள் தெருவில் ஒருவர் பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார் வாங்கினார். ஒரு மாதத்திலேயே கடகடவென்று சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். பல மாத நெசவுக் கூலி அதில் போய்விடும். பதிவு செய்து பார்த்தோம். ஈட்டிகளுக்கு இடையே ஒழுங்கே இல்லை. 1,600-க்கும் 1,900-க்கும் நடுவில் மட்டும் சத்தம் வந்தது, அதற்கு மேலே சுத்தமாக இல்லை. என்ஜினுக்குள் தேய்மானம் என்றால் பெரும்பாலும் இப்படி வந்து வந்து போகாது; ஏதோ தகடு அந்த ஒரு வேகத்துக்கு மட்டும் அதிர்ந்திருக்க வேண்டும். படத்தை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். "அண்ணே, வண்டியைத் தூக்கிப் பார்த்துடலாம்" என்றவர், சைலன்சர் குழாய்க்கு மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கையால் ஆட்டிக் காட்டினார். துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்திருந்தது. புதுக் க்ளாம்ப் போட்டதும் சத்தம் நின்றது.

கண்டுபிடித்தவர் மெக்கானிக்தான். கம்ப்யூட்டர் செய்தது, என்ஜினை அவசரப்பட்டு இறக்காமல் தடுத்தது.

இதே வேலையைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரும் செய்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் என்ஜின் மேல் நாக் சென்சார் என்ற சின்னக் காது பொருத்தியிருப்பார்கள். எரிபொருள் முறையாக எரியாமல் வெடித்தால் எழும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வை அது பிடித்ததும், ஈசியூ ஸ்பார்க் கொடுக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி விடும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான சத்தங்களைச் சரியாக வாங்காது. ஆகவே அடியிலிருந்து 'டொக் டொக்' என்று ஆழமாகக் கேட்டு, சூடானதும் அது பலத்தால், அல்லது ஆயில் விளக்கும் எரிந்தால், திரையில் ஈட்டி சின்னதாகத் தெரிகிறதே என்று ஓட்டாதீர்கள். கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்த அறிகுறியாக இருக்கலாம். பதிவெல்லாம் அப்புறம். உடனே என்ஜினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

கார் நன்றாக ஓடுகிற இந்த நேரத்திலேயே ஒரு பதிவு எடுத்து, தேதியும் சுற்று எண்ணும் ஃபைல் பெயரில் வருமாறு சேமியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நாளில் அது கையில் இருக்கும்.