மலை ரயிலுக்குப் பள்ளம்தான் முக்கியம்

வீட்டில் ஒரு சிறிய மலை ரயில் அமைக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பலகையின் மேல் முட்டை வடிவில் தண்டவாளம் போடுகிறார்கள், ஒரு மூலையில் குன்று ஒன்றைக் குவிக்கிறார்கள், அதில் குகை குடைகிறார்கள். ரயில் நன்றாகவே ஓடும். குன்றுதான் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி தனியே உட்கார்ந்திருக்கும்.

சுற்றிக்கொண்டு போகக்கூடிய மேட்டை எந்தப் பொறியாளரும் செலவு செய்து குடைய மாட்டார். அதனால்தான் அந்தக் குகை பார்ப்பவருக்குப் பொய்யாகப் படுகிறது. மலை ரயிலில் போகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வைப்பதும் தலைக்கு மேலே உள்ள சிகரம் அல்ல, சக்கரத்துக்குக் கீழே இறங்கும் பள்ளம்தான். சின்ன இடத்தில் திட்டமிடும்போது இதுவே பெரிய வசதி. ரயிலை உயர்த்தச் சிரமப்பட வேண்டாம், தரையை இறக்கினால் போதும்.

சிரமம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கடி நீளம், இரண்டடி அகலப் பலகை என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஏறக்குறைய 120-க்கு 60 செ.மீ. உலகில் அதிகம் பேர் வைத்திருக்கும் 'எச்ஓ' அளவு, அசலில் 87-இல் ஒரு பங்கு. அதன் வழக்கமான மிகக் குறுகிய வளைவுக்கே 36 செ.மீ. ஆரம் வேண்டும், வட்டம் 72 செ.மீ. ஆகிவிடும். எனவே 160-இல் ஒரு பங்கான 'என்' அளவுக்குத்தான் போக வேண்டும். அதில் தண்டவாள அகலம் 9 மி.மீ., 25 செ.மீ. ஆர வளைவு இந்தப் பலகையில் அடங்கும்.

இனி ஏற்றம். ஒரு தடம் இன்னொன்றைத் தாண்டிப் போக சுமார் 5 செ.மீ. உயர வேண்டும். மாதிரி என்ஜின் திணறாமல் ஏறுவது 100-க்கு 2 அல்லது 3 வரைதான், வளைவில் அதுவும் குறையும். 3 என்றே வைத்தாலும் ஏற 167 செ.மீ., இறங்க இன்னொரு 167. பலகையின் ஒரு முழுச் சுற்றே சுமார் 280 செ.மீ. கணக்கு உதைக்கிறது! நீலகிரி ரயில் 12.5-க்கு 1 என்று ஏறுகிறதே என்று கேட்டால், அது நடுவில் பல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

ஆகவே தடத்தைச் சமதளமாகவே விட்டுவிடுவது உத்தமம். 5 செ.மீ. கனமுள்ள ஃபோம் அட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே தடம் போட்டு, முன்பக்கத்தை அறுத்தெடுத்தால் 10 செ.மீ. பள்ளம் கிடைக்கும். 'என்' அளவில் அது 16 மீட்டர் ஆழம். அதன் குறுக்கே ஒரு கல் பாலம் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பாலம்? மாதிரி ரயில்காரர்கள் விடாமல் பின்பற்றுவது சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வேயை. அதன் புகழ்பெற்ற லாண்ட்வாசர் பாலத்தின் உயரம் 65 மீ., நீளம் 136 மீ. கணக்குப்படி சுருக்கினால் 40 செ.மீ. உயரமும் 85 செ.மீ. நீளமும் வரும், சின்னப் பலகையை அதுவே விழுங்கிவிடும். வளைவையும் நெட்டையான தூண்களையும் வைத்துக்கொண்டு, கண்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. அசலை அப்படியே வேண்டும் என்பவருக்கு அதே ரயில்வேயின் புரூசியோ பாலம் இருக்கிறது. தன்னைத்தானே சுற்றிக் கீழே நுழையும் அந்த 1908-ஆம் ஆண்டுப் பாலத்தின் ஆரம் 70 மீ.தான், மாதிரியில் 44 செ.மீ. பலகை மட்டும் ஒரு மீட்டர் அகலமாக வேண்டும், இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும்.

பள்ளத்தின் வலிமையை முழுமையாகக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த புகைப்படக்காரர் ஜான் ஆலன். அவரது மாதிரி ரயில் அமைப்பில் மலைகள் அறையின் தரையிலேயே தொடங்கின. 1973-இல் அவர் இறந்த சில நாட்களில் தீ விபத்தில் அது அழிந்துபோனது. படங்களைப் பார்த்துத்தான் இன்றும் பலர் கற்கிறார்கள்.

பாறைக்குப் பெரிய செலவில்லை. அலுமினியத் தாளைக் கசக்கிப் பாதி விரித்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி, இறுகியதும் உரித்தால் வெடிப்புகளோடு பாறை வரும். ஒரே வண்ணத்தைப் பூசிவிடக் கூடாது. நீர்த்த கறுப்பு முதலில், காய்ந்த தூரிகையால் வெளிர் சாம்பல் பிறகு. மரங்களில் பெரியவை முன்னால், சிறியவை பின்னால் நட்டால் இரண்டடி அகலம் கூடுதல் தூரமாகத் தெரியும்.

குகை வேண்டவே வேண்டும் என்றால் அதன் பின்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும்; பெட்டி தடம் புரளுவது பெரும்பாலும் கை எட்டாத இடத்தில்தான். வாயை ஒட்டும் முன் இன்னொரு சோதனையும் உண்டு. இருக்கும் பெட்டிகளிலேயே நீளமானதன் நடுவிலும் மூலையிலும் பென்சிலைக் கட்டி, வளைவில் கையால் மெல்லத் தள்ள வேண்டும். நடுப்பகுதி உள்பக்கமும் மூலை வெளிப்பக்கமும் எவ்வளவு நீள்கின்றன என்பதைக் கோடுகள் காட்டிவிடும். அந்தக் கோடுகளுக்கு வெளியேதான் குகைச் சுவர்.