தசை முந்தும், எலும்பு பிந்தும்!

புதிதாக மூட்டை தூக்குவோர் கவனத்துக்கு

ஊரிலிருந்து ரெயிலேறி வந்து, மும்பையிலோ பெங்களூரிலோ இறங்கிய மறுநாளே கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போகும் இளைஞர்கள் உண்டு.

முதல் வாரம் உடம்பெல்லாம் வலி. மூன்றாவது வாரம் வலி போய்விடும். "உடம்பு பழகிவிட்டது" என்று கூடுதல் பாரம் ஏற்றிக்கொள்வார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழகியது தசை மட்டுமே. எலும்பு இன்னும் பழகவில்லை!

உள்ளே நடக்கும் கொத்துவேலை

எலும்பு கல்லோ கம்பியோ அல்ல. உயிருள்ளது. அதற்கும் ரத்த ஓட்டம் உண்டு. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும், புது எலும்பைக் கட்டும் செல்களும் ஆயுள் முழுவதும் வேலை செய்கின்றன.

பாரம் விழும் இடம் தடிக்கும். பாரம் இல்லாத இடம் மெலியும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு, மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருப்பது இதனால்தான்.

ஆனால், கொத்தனார் பழைய காரையைக் கொத்தி எடுத்த பிறகே புதுக்காரை பூசுவார். எலும்பிலும் அப்படியே. அரித்து எடுப்பது சில வாரங்களில் முடியும். கட்டி முடிக்க 3, 4 மாதம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது பாரத்தைக் கூட்டினால் மயிரிழைபோல விரிசல் விடும்.

நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்குவதை 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட் எழுதி வைத்தார். 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான், காரணம் எலும்பு விரிசல் என்று தெரிந்தது.

சும்மா இருந்தாலும் கேடு

விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குவோருக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகிறது. உடம்பின் எடையைத் தாங்கும் வேலை அங்கே இல்லை என்பதே காரணம்.

காய்ச்சலில் 2 வாரம் படுத்துக் கிடந்தாலும் தசை இளைத்துவிடும். எழுந்த அன்றே பழைய பாரத்தைத் தூக்கக் கூடாது.

நாற்காலியில் 8 மணி நேரம் இருக்கும் குமாஸ்தாக்களும் கவனிக்க வேண்டும். சமையல் கேஸ் 14.2 கிலோதான், சிலிண்டரோடு சேர்த்தால் சுமார் 30 கிலோ! குனிந்து, இடுப்பைத் திருப்பியபடி தூக்கினால் முதுகெலும்பு வட்டு பிதுங்கக்கூடும்.

செய்ய வேண்டியது என்ன?

* பாரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 1967-ல் பரிந்துரைத்தது. அது உச்சவரம்பு, முதல் நாள் எடை அல்ல.

* முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். திரும்புவதானால் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

* எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், ஓய்வெடுத்தும் வலி தீராவிட்டால், தைலம் தேய்த்துக் கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மூட்டை குறைத்தால் அன்றைய கூலியில் கொஞ்சம் போகும். எலும்பு விரிசல் விட்டால் 6 முதல் 8 வாரக் கூலி முழுவதும் போகும். ஊரில் பணத்தை எதிர்பார்த்திருப்பவர்களுக்காகவாவது, எலும்புக்கு அவகாசம் கொடுங்கள்!