ஒலிக்கு ஒரு துபாஷி

நுழையும்முன்

பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுகிறோம். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, ஒலி மட்டும் எழுவதில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதனை ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் பழுதானது கருவியன்று. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையில் நின்று பேசவேண்டிய மென்பொருளே அங்கு இல்லாமற் போயிருக்கும். இயக்கி எனப்படும் அம்மென்பொருளைப் பற்றியும் பழைய ஒலிக்கருவியைப் புதிய கணினிச் சூழலில் மீண்டும் பேசவைக்கும் வழிகளைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

பரணில் ஒரு மடிக்கணினி

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தொடக்கக் காலத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதனுடன், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் திறந்த மூல இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே கருவியில் இரண்டு இயங்குதளங்கள். தமிழகத்தின் சிற்றூர் வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவே.

அத்தகைய வீடு ஒன்றினை, இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையில் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். தந்தை நாள்தோறும் இராணிப்பேட்டையிலுள்ள தோல் பதனிடும் தொழிற்கூடத்துக்குச் சென்று வருகிறார். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி பரணில் கிடக்கிறது. தங்கை இப்போது பதினொன்றாம் வகுப்பு பயில்கிறார். அவர் பார்வை இழந்தவர். விண்டோஸ் 7-க்கு வழங்கப்பட்டுவந்த பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாளோடு முடிந்துவிட்டமையால், அண்ணன் அதனை நீக்கிப் புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவுகிறார். ஒலி வரவில்லை.

நமக்கு ஒலி வராவிடில் பாட்டுக் கேட்க இயலாது, அவ்வளவே. அத்தங்கையின் நிலை வேறு. திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிப் படித்துக்காட்டும் திரைபடிப்பான் மென்பொருளே அவருக்குக் கண். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இவ்வகையைச் சேர்ந்தது, கட்டணமின்றிக் கிடைப்பது, ஈஸ்பீக் என்னும் குரலாக்கியின் துணையால் தமிழையும் படிப்பது. ஒலி இல்லையேல் இக்கருவி அவருக்கு வெறும் பெட்டி. அதனினும் கொடிது ஒன்றுண்டு: ஒலியைச் சரிசெய்வதற்கான அமைப்புகளைத் திரையில் தேடிப் படிப்பதற்கும் அவருக்கு ஒலிதான் வேண்டும்!

துபாஷியின் பணி

நாட்குறிப்பு இலக்கியத்தின் வழியாக ஆனந்தரங்கரை நாம் அறிவோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாகப் பணியாற்றியவர் அவர். இரு மொழி அறிந்து, இரு தரப்பினருக்கும் இடையே பேச்சை மாற்றித் தருபவர் துபாஷி. ஆளுநருக்குத் தமிழ் தெரியாது. ஊர் வணிகருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆயினும் வணிகம் நடந்தது. துபாஷி ஒருநாள் வராவிடில், பேசவேண்டிய இருவரும் நலமாக இருந்தும் பேச்சு நின்றுபோகும்.

கணினியில் இயக்கி செய்வது இப்பணியையே. இயங்குதளம் ஆளுநர், ஒலிச்சில்லு வணிகர். 'இப்பாடலை ஒலிக்கச் செய்க' என்று இயங்குதளம் பொதுவாக ஆணையிடும். எந்தச் சில்லில், எந்த முகவரியில், எந்த எண்ணை எழுதினால் ஒலி பிறக்கும் என்பது அதற்குத் தெரியாது. அதனை அறிந்தது இயக்கி மட்டுமே.

பேசப்படும் செய்தி யாது? குறுந்தகட்டின் தரத்தில் அமைந்த ஒலி, நொடிக்கு 44,100 எண்களாகக் கணினியில் பதிந்திருக்கும். ஒவ்வோர் எண்ணும் 16 இருமங்களால் ஆனது. எனவே ஒலியலையின் உயரத்தை 65,536 படிநிலைகளுள் ஒன்றாக அது குறிக்கும். இடக் காதுக்கு ஒன்று, வலக் காதுக்கு ஒன்று என இவ்வெண்வரிசை இரண்டாகும். இயக்கி, நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் எண்களை நிரப்பி வைக்கிறது. சில்லு அவற்றை வரிசை மாறாமல் எடுத்து மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நிரப்பியவை தீர்வதற்கு முன்பே சில்லு ஒரு குறிப்பு அனுப்பும். இயக்கி உடனே மீண்டும் நிரப்பவேண்டும். சற்றே தாமதித்தாலும் ஒலியில் கரகரப்புக் கேட்கும். கணினியில் பாடல் கேட்கும்போது இடையிடையே வெடிப்பது போன்ற ஓசை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், தாமதித்து வந்த எண்களையும் ஐயுறவேண்டும்.

ஆளுநர் மாறினால்

பிரெஞ்சு மட்டுமே கற்ற துபாஷி ஒருவர், ஆர்க்காட்டுச் சீமை ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் என்ன செய்வார்? அவர் அறிவு குறைந்துவிடவில்லை. அவர் பேசிய மொழிதான் அவையில் செல்லாததாயிற்று. இயங்குதளம் மாறும்போது பழைய இயக்கிக்கு நேர்வதும் இதுவே.

2007ஆம் ஆண்டு சனவரியில் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலி தொடர்பான கட்டமைப்பைப் புதிதாக எழுதிக்கொண்டது. அதற்கு முன் ஒலியைக் கலந்து அனுப்பும் பணியின் பெரும்பகுதி, கெர்னல் எனப்படும் உட்கருவினுள் நடந்தது. உட்கருவில் நேரும் ஒரு சிறு பிழையும் கணினி முழுவதையும் முடக்கிவிடும். ஆதலின் அப்பணி உட்கருவுக்கு வெளியே கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லதே, எனினும், பழைய அமைப்பினை நம்பி எழுதப்பட்ட இயக்கிகள் பலவும் தடுமாறின.

32 இருமக் கணினி முறையிலிருந்து 64 இரும முறைக்கு மாறியது மற்றொரு காரணம். 32 இரும முறையில் எழுதிய சாதாரணச் செயலியை 64 இரும விண்டோஸ் ஏற்று நடத்தும். இடையில் ஓர் அடுக்கு நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும். இயக்கிக்கு அச்சலுகை கிடையாது. அது உட்கருவினுள்ளேயே இயங்குவதால், துபாஷிக்கு ஒரு துபாஷி வைக்க அங்கே இடமில்லை. மேலும், 64 இரும விண்டோஸில் இயக்கி ஒவ்வொன்றும் முறையான மின்னணுக் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும். 2021இல் வந்த விண்டோஸ் 11-இல் 32 இருமப் பதிப்பே இல்லை. ஆகவே, 32 இரும இயக்கி மட்டுமே உள்ள கருவி அங்கே வாய் திறவாது.

அடையாளம் காணல்

மருந்து தேடுமுன் நோயாளியின் பெயரையாவது அறியவேண்டும் அல்லவா? ஒவ்வொரு சில்லும் தன்னுள் ஓர் அடையாள எண்ணைத் தாங்கியுள்ளது. இயக்கி இல்லாதபோதும் அவ்வெண்ணைப் படிக்கலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் பகுதியில், மஞ்சள் குறியிட்ட கருவியின் விவரப் பக்கத்தில் அது காணப்படும். எண்ணின் முற்பகுதி செய்த நிறுவனத்தையும் பிற்பகுதி சில்லின் வகையையும் காட்டும். இன்டெல் நிறுவனத்துக்குரிய எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே தனக்கு எண்ணாக வைத்துக்கொண்டது! மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் ரியல்டெக் நிறுவனத்தின் ஏஎல்சி269 என்னும் சில்லில், பிற்பகுதி 0269 என்றே இருக்கும். கல்வெட்டில் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் முதலில் படிப்பதுபோல இவ்விரண்டையும் முதலில் படித்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து, கருவியின் காலத்தை நோக்கவேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்ட காலத்தில், ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டையும் தனக்கென ஒரு மொழி பேசியது. 2004இல் இன்டெல் வகுத்த உயர்வரையறை ஒலி என்னும் பொதுநெறி இந்நிலையை மாற்றியது. அந்நெறிக்கு உட்பட்ட சில்லு எவருடையதாயினும், மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடன் சேர்த்தே தரும் பொது இயக்கி அதனோடு பேசும். நம் கலவை மடிக்கணினி இக்காலத்துக்குப் பிற்பட்டது என்பதால் முதலில் செய்யவேண்டியது எளிது: நிறுவன இயக்கியைத் தேடி அலையாமல், பட்டியலிலிருந்து இப்பொது இயக்கியைத் தேர்ந்து நிறுவிப் பார்க்கவேண்டும்.

அதன்பின்னும் சிக்கல் எழலாம். ஒலிபெருக்கி பேசும், காதணிபேசியைச் செருகினால் மௌனம். சில்லிலிருந்து வெளிவரும் இணைப்புமுனைகளில் எதனை எதனோடு சேர்த்தனர் என்பது ஒவ்வொரு மடிக்கணினி மாதிரிக்கும் வேறுபடும். பொது இயக்கி மொழியறியும். வீட்டின் வாயில்களை அறியாது. அந்நிலையில் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், சரியான மாதிரி எண்ணுக்குரிய இயக்கியைத் தேடவேண்டும். நிறுவும் கோப்பு 'இவ்வியங்குதளத்துக்கு உரியதன்று' என மறுத்தால், அக்கோப்பின் பண்புகளில் பொருந்துநிலை என்னும் வசதியைத் தேர்ந்து, பழைய விண்டோஸ் பதிப்பைக் குறிப்பிட்டு இயக்கினால் சில வேளைகளில் அது இணங்கும்.

'எல்லா இயக்கிகளும் இலவசம்' என அழைக்கும் முகமறியாத் தளங்களை மட்டும் நாடவே கூடாது. இயக்கி உட்கருவினுள் நுழைவது. வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

மூலநிரல் எவர் கையில்?

தயாரித்த நிறுவனமே புதிய இயக்கியை எழுத விரும்பாவிட்டால்? 2008ஆம் ஆண்டு மார்ச்சில் இவ்வினா உலகளவில் எழுந்தது. விஸ்டாவில் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் சில, முன்பிருந்த ஆற்றல்களை இழந்து நின்றன. பிரேசில் நாட்டைச் சேர்ந்த டேனியல் கவகாமி என்னும் பயனர், கிரியேட்டிவ் நிறுவனத்தின் இயக்கிகளைத் தாமே திருத்தி அவ்வாற்றல்களை மீட்டுப் பிறருக்கும் வழங்கினார். நிறுவனம் அதனைத் தன் உரிமையில் தலையிடுவதாகக் கருதி, நிறுத்துமாறு வெளிப்படையாக அறிவித்தது. அட்டைகளை விலைகொடுத்து வாங்கியோர் கொதித்தெழுந்தனர். நிறுவனமும் பின்னர்த் தன் பிடியைத் தளர்த்தியது. சட்டப்படி மென்பொருள் நிறுவனத்தினுடையதே. ஆனால், வாங்கியவர் மேசையில் உள்ள அட்டை வாங்கியவருடையதன்றோ? இவ்விரு நியாயங்களும் இன்றும் முட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. வகுப்பில் விவாதிக்கத் தக்கது இது.

லினக்ஸ் வேறு வழியில் சென்றது. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கைசெலா, தம்மிடமிருந்த ஓர் ஒலி அட்டைக்கு நல்ல இயக்கி இல்லையே என்னும் குறையால் எழுதத் தொடங்கியதே ஆல்சா என்னும் ஒலிக் கட்டமைப்பு. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 உட்கருவில் அது இடம்பெற்றது. அங்கே பெரும்பாலான இயக்கிகளின் மூலநிரலும் உட்கருவின் மூலநிரலோடு ஒரே இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. உட்கருவில் ஒரு விதியை மாற்றுபவர், அம்மாற்றத்தால் பாதிக்கப்படும் இயக்கிகள் அனைத்தையும் தாமே திருத்தித் தரவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆளுநர் மாறும் அன்றே எல்லாத் துபாஷிகளுக்கும் புதுமொழி கற்பிக்கப்படுகிறது எனலாம். எந்த மடிக்கணினியில் எந்த இணைப்புமுனை எதனோடு சேர்ந்துள்ளது என்னும் குறிப்புகளும், பயனர்கள் தெரிவித்தவாறு நூற்றுக்கணக்கில் அதில் சேர்ந்துள்ளன. இவ்வழியும் எல்லையற்றதன்று, பேணுவார் எவரும் இல்லாத இயக்கிகள் அங்கிருந்தும் நீக்கப்படுகின்றன.

சோதித்துப் பார்க்க, கணினியில் எதனையும் அழிக்கவேண்டியதில்லை. லினக்ஸை ஒரு விரலியில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். அப்போது ஒலி எழுந்தால் வன்பொருள் நலமே என்பது ஐயமற உறுதியாகும். சில்லைக் குறைகூறும் முன் எவரும் இச்சோதனையைச் செய்துபார்க்கவேண்டும் என்பேன்.

இராணிப்பேட்டை வட்டாரத்தில் இத்தகைய சோதனைக்குக் கூடுதல் பொருளுண்டு. தோல் பதனிடுதலின் குரோமியக் கழிவுகள் மண்ணிலும் நீரிலும் கலந்த துயரை இவ்வூர்கள் நெடுங்காலமாக அறியும். தூக்கியெறிந்த கணினியின் பற்றாசிலும் ஈயம் இருத்தல் கூடும். ஆம்பூரில் தைத்த காலணியின் மேல்தோல் நன்றாக இருக்கையில், தேய்ந்த அடிப்பகுதியை மட்டும் மாற்றி அணிவோமேயன்றி, முழுவதையும் எறியமாட்டோம்.

செருகினால் பேசுவது

அனைத்தும் கைவிட்டபோது ஒரு வழி எஞ்சும். யுஎஸ்பி வாயில் வழியாக இயங்கும் ஒலிக்கருவிகளுக்கு 1998இலேயே பொதுநெறி வகுக்கப்பட்டுவிட்டது. அந்நெறியைப் பின்பற்றும் சிறு ஒலித்துணைக் கருவியையோ காதணிபேசியையோ செருகினால், விண்டோஸும் லினக்ஸும் தம்மிடமுள்ள பொது இயக்கியாலேயே அதனோடு பேசத் தொடங்கும். பழைய சில்லு உறங்கினாலும் தங்கையின் திரைபடிப்பான் உடனே குரல் பெறும். பார்வையற்றோர் பயன்படுத்தும் கணினியில் இயங்குதளத்தை மாற்றுமுன், இத்தகைய காதணிபேசி ஒன்றனைக் கையில் வைத்திருத்தல் அறிவுடைமை. பழுதுபார்க்கும் பொழுதும் அவரே தம் கணினியை இயக்க அது வழிசெய்யும்.

இத்தனையும் செய்து இயக்கியும் சரியாக அமைந்தபின், ஒலி வராமற் போவதற்கு மிக எளிய காரணம் ஒன்றுண்டு. பல ஒலிகளைச் சேர்த்து அளவு பார்த்து அனுப்பும் பகுதிக்கு ஒலிக்கலவை என்று பெயர். (கலவை என்னும் ஊருக்கும் இதற்கும் பெயரளவில் அன்றித் தொடர்பில்லை.) திடீரெனப் பேரோசை எழுந்து காதையோ ஒலிபெருக்கியையோ தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆல்சா முதன்முதலில் தன் வழிகள் அனைத்தையும் அடைத்தே வைக்கும். அடைபட்ட ஒவ்வொரு வழியின் கீழும் 'எம்எம்' என்னும் குறி தெரியும். ஆல்சாமிக்சர் என்னும் கட்டளையைத் திறந்து, முதன்மை வழிக்கு நகர்ந்து, 'எம்' விசையை ஒருமுறை அழுத்தினால் அக்குறி '00' என மாறும். பின்னர் மேல்நோக்கிய அம்பு விசையால் ஒலியளவை உயர்த்திக்கொள்ளலாம்.