ஒரு நிழற்படக்காரரும் பத்து அருவிகளும்

மலையினின்று வீழும் நீருக்கு 'அருவி' என்னும் சொல் நம் மொழியில் பழங்காலந்தொட்டு வழங்கி வருகிறது. பின்னாளில் ஆங்கிலச் சொல்லை அடியொற்றி ஆக்கப்பட்ட 'நீர்வீழ்ச்சி' பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது. நீர் அங்கே வீழ்ச்சியுறுவதாக எமக்குத் தோன்றாமையால், இக்கட்டுரையில் பழஞ்சொல்லையே ஆள்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கிலுள்ள ஆரிகன் மாநிலத்தின் தலைநகருக்குச் சேலம் என்று பெயர். (நம் சேலத்திற்கும் அதற்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) அந்நகருக்குக் கிழக்கே, மலையடிவாரக் காட்டினுள், 9,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ளது 'சில்வர் ஃபால்ஸ்' மாநிலப் பூங்கா. தேசியப் பூங்காக்களை நடுவண் அரசு பேணுவதுபோல் இத்தகைய பூங்காக்களை அந்தந்த மாநில அரசுகள் பேணி வருகின்றன. இங்கு 7.2 மைல் நீளமுள்ள ஒரே நடைபாதையைச் சுற்றி வந்தால் பத்து அருவிகளைக் காணலாம். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 177 அடி உயரமுள்ள தெற்கு அருவி.

நான்கு அருவிகளின் பின்புறமாகவே பாதை செல்வது இப்பூங்காவின் தனிச்சிறப்பு. இதன் காரணத்தை நாம் நிலவியலில் தேட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் எரிமலைக் குழம்பு பரவி, இறுகிக் கருங்கல்லாயிற்று. அதற்கு அடியில் இருந்ததோ மென்மையான படிவுப் பாறை. வீழும் நீரின் சாரலும் கசிவும் அடிப்பாறையைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்க, மேலிருக்கும் வன்பாறை கூரைபோல் நீண்டு நிற்கின்றது. அக்கூரையின் கீழ் நின்று, நீர்த்திரையினூடே காட்டைக் காணும் வாய்ப்பு இவ்வாறு வாய்த்தது.

ஆயின், இன்று பசுமை போர்த்து நிற்கும் இவ்விடம் ஒரு காலத்தில் வெட்டுண்ட காடாகக் கிடந்தது என்பதை வருவோர் பலர் அறியார். மரம் வெட்டுவோர் இங்கே குடியேறியிருந்தனர். நிலத்துக்கு உரியவராயிருந்த ஒருவர், பழைய மோட்டார் வண்டிகளை அருவியின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டு, அதைக் காண்பதற்குக் கட்டணம் வாங்கினார். 1928இல் ஒருவர் படகோடு தெற்கு அருவியிலிருந்து குதித்து, காயங்களுடன் உயிர் தப்பினார். கூட்டம் வந்தது இவ்வேடிக்கைகளைக் காணத்தான்.

அண்மையிலுள்ள சில்வர்ட்டன் ஊரின் நிழற்படக்காரர் ஜூன் டிரேக், இவ்வருவிகளைப் பல்லாண்டுகள் படமெடுத்தார். அப்படங்களைக் காட்டியே, இவ்விடத்தைக் காக்க வேண்டுமென்று மக்களிடமும் அரசிடமும் வாதாடினார். 1926இல் இதனைத் தேசியப் பூங்காவாக்கும் முயற்சி தோற்றது. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் ஆயிரக்கணக்கில் கண்ணை உறுத்துகின்றன என்பதே மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆயினும் 1933இல் இது மாநிலப் பூங்காவாயிற்று. பின்னர், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்திருந்த இளைஞர்களைக் கொண்ட அரசுப் பணிப்படை இங்கே பாதைகளும் கல்லால் ஆன விடுதியும் கட்டிற்று. டிரேக்கின் பெயரைத் தாங்கும் அருவி 27 அடி உயரமே உடையது. பத்தினுள் மிகச் சிறியது அதுவே. பெரிய அருவிகளை நோக்கி விரையும் கூட்டம் அதனருகே நெடுநேரம் நிற்பதில்லை. எமக்கோ, நின்று படமெடுக்க வேண்டிய முதல் அருவி அதுவே எனத் தோன்றுகிறது.

படமெடுக்கும் முறை பற்றிச் சில கூறுவோம். கருவியின் ஒளித்திறப்பு 1/500 விநாடி அளவில் நின்றால் நீர்த்துளிகள் தனித்தனியே உறைந்து காணப்படும். அரை விநாடி திறந்திருந்தால் நீர் பட்டுத்துணிபோல் வழுவழுப்பாகும். பின்னதையே பலர் விரும்புகின்றனர். ஆயினும், அளவு மீறினால் அருவி பஞ்சுமூட்டை போலாகி, அதன் வேகம் படத்தில் தொலைந்துவிடும் என்பது எம் கருத்து. நீண்ட திறப்புக்கு முக்காலி இன்றியமையாதது. வெயில் நாளைவிட மேகமூட்டமான நாளே சிறந்தது. வெயிலில் வெண்ணுரை கண்ணைக் கூச, நிழல் கருத்துப்போகும். இருண்ட காட்டை அளந்து கருவி தானே ஒளியைக் கூட்டிவிடுவதால், நீரின் நுண்கோடுகள் வெளுத்து மறைவதும் உண்டு. அப்போது ஒளியைச் சற்றுக் குறைத்தல் வேண்டும். 'போலரைசர்' எனப்படும் வடிகட்டிக் கண்ணாடியைப் பொருத்தினால் ஈரப்பாறையிலும் இலைகளிலும் தோன்றும் பளபளப்பு நீங்கி, பச்சை தன் நிறத்தோடு விளங்கும். அருவியின் பின்னே செல்வோர் வில்லையைத் துடைக்க உலர்ந்த துணிகள் இரண்டேனும் கொண்டு செல்க.

நல்ல கோணம் தேடிப் பாதையை விட்டு இறங்குவோரால் பாசியும் பெரணியும் மிதிபட்டு அழிகின்றன. வழுக்கும் பாறை உயிருக்கும் ஊறு விளைவிக்கும். 2020ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் பூங்காவின் ஒரு பகுதி எரிந்தது. ஆதலின் எஞ்சிய பசுமை முன்னினும் அரியது.

மழைக்காலமும் இளவேனிலுமே இங்குச் செல்லத் தக்க பருவங்கள். கோடையில் நீர் குறையும். 'குளிர்கால அருவி' என்று பெயர் பெற்ற 134 அடி அருவி அப்போது வெறும் ஈரச்சுவடாகிவிடும்.