சென் ஜாக் தெருவில் ஒரு திங்கட்கிழமை

மொன்றியல் பழைய துறைமுகத்தில் ஐஸ்கிரீமும் கையுமாகச் சுற்றுபவர்கள் சற்று மேலேறினால் சென் ஜாக் தெரு வந்துவிடும். பழைய வங்கிக் கட்டடங்கள் நிற்கும் இந்தத் தெருவில்தான் 1837 நவம்பர் 6 அன்று நகரத்துக்காக இரண்டு அணிகள் மோதிக்கொண்டன.

ஒருபக்கம் பாப்பினோ தலைமையிலான தேசபக்தர் கட்சியின் இளைஞர்கள் இரண்டு மாதங்களுக்கு முன் தொடங்கிய ‘விடுதலையின் புதல்வர்கள்’. மறுபக்கம் பிரிட்டிஷ் முடியின் விசுவாசிகள் திரண்ட ‘டோரிக் கிளப்’.

பகையின் ஒரு வேர் இந்தத் துறைமுகத்திலேயே இருந்தது. விசுவாசிகள் பக்கம் நின்ற கப்பல் வணிகர்கள் ஆற்றை ஆழப்படுத்தவும் கால்வாய் வெட்டவும் அரசுப் பணம் கேட்டார்கள். தேசபக்தர்கள் கையிலிருந்த காலனிச் சட்டசபை இழுத்தடித்தது. கடைசியில், சபையைக் கேட்காமலே கஜானாவில் கைவைக்க ஆளுநருக்கு வழிவிட்டது லண்டன். அதுதான் தீப்பொறி.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டை என்று இதைச் சுருக்கிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். புதல்வர்களின் தளபதி தாமஸ் ஸ்டோரோ பிரவுன் ஆங்கிலம் பேசுபவர். அவர்களுக்காக எழுதிய ‘விண்டிகேட்டர்’ ஐரிஷ்காரர் ஓ’கலகன் நடத்திய ஆங்கிலப் பத்திரிகை.

அன்று ஒரு மதுக்கடை முற்றத்தில் கூடியிருந்த புதல்வர்கள்மீது கல் விழுந்தது. தடிகளோடு வெளியே பாய்ந்தவர்கள் முதலில் எதிரிகளை விரட்டினார்கள். ஆனால் டோரிக் ஆட்கள் பெருந்திரளாகத் திரும்பி வந்தார்கள். பிரவுனுக்கு ஒரு கண் போனது. ‘விண்டிகேட்டர்’ அச்சகம் சூறையாடப்பட்டது.

பத்தே நாளில் கைது ஆணைகள் வந்தன, தேசபக்தர் தலைவர்கள்மீது. டோரிக் ஆட்கள் பலரோ அரசின் தொண்டர் படைகளில் சேர்ந்தார்கள். 1986-இல் யாழ்ப்பாணத்தில் புலிகளும் டெலோவும் மோதியதை அறிந்த நம்மவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும்: அங்கே அரசு இரு இயக்கங்களுக்கும் எதிரி, இங்கே ஒரு தரப்பின் கூட்டாளி. அந்த நிலையில் தெருச்சண்டையில் யார் ஜெயித்தால் என்ன?

தெருச்சண்டை ஆயுதக் கிளர்ச்சியானது. நவம்பர் 23-இல் சென் தெனி ஊரில் அரசுப் படையைத் தேசபக்தர்கள் வென்றார்கள். டிசம்பரில் அவர்கள் தோற்றார்கள், சென் தெஸ்தாஷ் ஊர் எரிந்தது. அடுத்த ஆண்டின் இரண்டாம் கிளர்ச்சியும் அடங்கியபின், ஆற்றங்கரையிலிருந்த பியே துய் குரான் சிறையில் 12 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; 58 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

விசுவாசிகளின் விசுவாசமும் நிபந்தனைக்கு உட்பட்டதுதான். கிளர்ச்சியில் சொத்திழந்தவர்களுக்கு, கிளர்ச்சிக்காரர் பக்கம் இருந்தவர்களுக்கும்கூட, இழப்பீடு தரும் சட்டத்தில் ஆளுநர் எல்ஜின் கையெழுத்திட்டார் என்று, 1849 ஏப்ரல் 25 இரவு அவர்கள் நாடாளுமன்றத்தையே கொளுத்தினார்கள். துறைமுகத்தை ஒட்டிய இன்றைய யூவில் சதுக்கத்தில் இருந்தது அந்தக் கட்டடம். மொன்றியல் அதன்பின் கனடாவின் தலைநகராக இருந்ததே இல்லை.