கேம்பிரிட்ஜில் ஒரு கும்பகோணத்து மாணவர்

நுழையும்முன்

அயல்நாட்டுக் கல்வி என்றதும் பட்டமும் பெருமையுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அங்குச் செல்லும் மாணவர் வகுப்பறையில் மட்டும் வாழ்வதில்லை. உணவு, உடை, தட்பவெப்பம், மொழி, உறவு ஆகிய அனைத்தையும் அவர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பயின்ற கணித மேதை இராமானுஜனின் மாணவ வாழ்க்கை வழியாக அக்கல்வியின் இரு பக்கங்களையும் விளக்குகிறது இப்பாடம்.

கடல் கடக்கும் முன்

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்னும் கப்பல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அதில் பயணம் செய்த இருபத்தாறு வயது இளைஞர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிரப் பிற பாடங்களில் கருத்தூன்றாமையால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றவர். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தாம் கண்டறிந்த தேற்றங்களை அவர் எழுதியனுப்பிய கடிதமே இப்பயணத்திற்கு வித்திட்டது.

கடல் கடத்தல் குற்றமென அவரது சமூகம் கருதிய காலம் அது. முதலில் அவரும் வர மறுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் கனவில் கண்ட பிறகே அன்னை இசைவளித்தார் என்பர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுண்டு குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு அளித்தது. புறப்படும் முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. காற்சட்டையும் காலணியும் வாங்கப்பட்டன. இளம் மனைவி சானகி ஊரிலேயே தங்கிவிட்டார். கல்வி தொடங்குவதற்கு முன்பே இழப்புகள் தொடங்கிவிட்டன.

கல்லூரியும் அறையும்

ஏப்ரல் 14 அன்று அவர் இலண்டனை அடைந்தார். சில நாள் அங்குத் தங்கியபின், கணித அறிஞர் நெவில் தம் கேம்பிரிட்ஜ் இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். அயல்நாட்டுக்குப் புதிதாக வரும் மாணவருக்கு முதல் சில வாரங்களில் இத்தகைய ஒரு குடும்பத்தின் துணை எவ்வளவு தேவை என்பதைச் சென்றவர்களே அறிவர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அமைப்பு நாம் அறிந்த பல்கலைக்கழக அமைப்பிலிருந்து வேறுபட்டது. அது பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு. மாணவருக்கு உறைவிடமும் உணவும் தந்து, அவரது நலனைக் கவனிப்பது கல்லூரி. விரிவுரை, தேர்வு, பட்டம் ஆகியன பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கல்வியாண்டு ஏறத்தாழ எட்டு வாரங்கள் கொண்ட மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இடையில் நீண்ட விடுமுறைகள் வரும். மாணவர்கள் கல்லூரியின் பெரிய உணவுக்கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்பது அங்கு வெறும் உணவு வேளையன்று. பேசிப் பழகி ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடமும் அதுவே.

இராமானுஜன் நெவிலின் இல்லத்திலிருந்து டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் முற்றத்தில் ஓர் அறைக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறைக்கு அங்கிருந்து நடந்தே சென்றுவிடலாம். ஆனால், கூட்டத்தோடு அமர்ந்து உண்ணும் அந்தப் பெரிய கூடம் அவருக்கு அயலாகவே இருந்தது.

மெய்ப்பித்தல் என்னும் பாடம்

இராமானுஜனுக்கு எதைக் கற்பிப்பது என்பது ஹார்டிக்கும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டிற்கும் எளிய வினாவாக இல்லை. எவரும் காணாத உண்மைகளைக் கண்ட அவர், கல்லூரி மாணவர் பலர் அறிந்திருந்த செய்திகள் சிலவற்றை அறிந்திருக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு முடிவைக் காண்பதும் அதனை மெய்ப்பிப்பதும் வெவ்வேறு என்னும் கருத்து அவருக்குத் தெளிவாக இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண் பகா எண் எனப்படும். நூறுக்குள் 25 பகா எண்கள் உள்ளன. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதைக் கணிக்கும் வாய்பாட்டைத் தாம் கண்டதாக இராமானுஜன் எழுதியிருந்தார். சிறிய எல்லைகளுக்கு அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. எல்லை பெரிதாகும்போதோ, அவர் கருதிய அளவு துல்லியம் அதில் இல்லை என்பதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். பல எண்களுக்குப் பொருந்துவது எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது. முறையான மெய்ப்பு எதற்கு என்பதை அவருக்கு உணர்த்தியது இந்தப் பிழையே.

ஆயினும், பாடத்திட்டத்தின்படி அவரை அடிமுதல் பயிற்றினால் அவரது தன்னம்பிக்கையும் கற்பனை வேகமும் குன்றிவிடுமோ என ஹார்டி அஞ்சினார். ஆகவே, தேவையானவற்றை மட்டும் உரையாடலின் ஊடே உணர்த்தினார். அவர் தம்மிடம் கற்றதைவிட, அவரிடம் தாம் கற்றதே மிகுதி எனவும் பின்னாளில் குறிப்பிட்டார். ஆசிரியர் மாணவரைத் தம்மைப் போல மாற்ற முயலவில்லை. மாணவரும் கற்கத் தயங்கவில்லை. இங்கிலாந்து அவருக்கு வழங்கிய மிகச் சிறந்த கொடை இவ்வுறவுதான்.

இவ்வுழைப்பின் பயனாய், மிகு வகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915இல் வெளிவந்தது. 12 என்னும் எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்களின் இயல்பை ஆராய்ந்தது அக்கட்டுரை. 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கப்பட்டது. தாயகத்தில் இடைநிலைத் தேர்வைக் கடக்க இயலாதவர், எழுத்துத் தேர்வு எதுவுமின்றித் தம் ஆய்வாலேயே பட்டதாரியானார்.

ஹார்டியுடன் இணைந்து அவர் ஆராய்ந்த மற்றொரு சிக்கல், ஓர் எண்ணைக் கூட்டல்களாகப் பிரிக்கும் வழிகள் பற்றியது. நான்கினை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். பத்தினை 42 வகையிலும், நூறினை 19,05,69,292 வகையிலும் பிரிக்கலாம். இருநூறுக்கோ இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 3.97 இலட்சம் கோடியாகும். இவ்வளவு விரைந்து பெருகும் எண்ணிக்கையை ஒரு வாய்பாட்டிற்குள் அடக்கிக் காட்டினர் அவ்விருவரும். ஒருவரது உள்ளுணர்வும் மற்றவரது முறைமையும் இணைந்ததாலேயே இது கைகூடியது.

அடுப்பும் குளிரும்

மனத்திற்கு வேண்டிய யாவும் கிடைத்த அந்நாட்டில் உடலுக்கு வேண்டியவை கிடைக்கவில்லை. இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரிச் சமையலறையில் விலங்குக் கொழுப்பு பயன்படுத்தப்பட்டமையால் அங்குச் சமைத்த காய்கறிகளையும் அவர் ஏற்கவில்லை. தம் அறையிலேயே எரிவாயு அடுப்பில் சமைத்துக்கொண்டார். விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் அஞ்சலில் அனுப்புமாறு ஊரிலுள்ள நண்பருக்கு எழுதினார். ஆய்வில் மூழ்கிய நாள்களில் சமையலும் உறக்கமும் நேரம் தவறின.

அவ்வடுப்பின் அருகே நிகழ்ந்த ஒன்றைப் பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் நினைவுகூர்ந்துள்ளார். ஒருநாள் அவர் இதழ் ஒன்றில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். 1, 2, 3 என எண்ணிடப்பட்ட வீடுகள் வரிசையாக உள்ள தெருவில், ஒரு வீட்டின் இடப்புற எண்களின் கூடுதலும் வலப்புற எண்களின் கூடுதலும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது? வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டே இராமானுஜன் விடையைச் சொன்னார். மொத்த வீடுகள் 288. அவ்வீட்டின் எண் 204. அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் பொதுத்தீர்வையே அவர் தந்தார்.

அத்தகைய அறிவுக்கும் எட்டாத எளிய செய்திகள் இருந்தன. குளிர்கால இரவொன்றின் பின் மகலனோபிஸ் சென்றபோது, இரவில் குளிர்வதாகச் சொன்னார் இராமானுஜன். பார்த்தால், கம்பளிகள் மெத்தையின்மேல் மடித்துச் செருகப்பட்டு, விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், அவர் மேலங்கியையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு அவ்விரிப்பின்கீழ் படுத்திருந்தார். இது நகைப்புக்குரியதன்று. உள்ளூர்வாசிகள் சொல்லத் தேவையில்லை என எண்ணும் செய்தியே புதியவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியாகும்.

போரும் தனிமையும்

அவர் சென்ற நான்கே மாதங்களில், 1914 ஆகத்தில், இங்கிலாந்து முதல் உலகப்போரில் இறங்கியது. மாணவர்கள் போர்முனைக்குச் சென்றனர்; டிரினிட்டியின் நெவில் முற்றத்தில் காயமுற்ற வீரர்களுக்குப் படுக்கைகள் இடப்பட்டன. லிட்டில்வுட்டும் படைப்பணிக்குச் சென்றார். காய்கறிகளும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. கடற்பயணம் இடர் மிகுந்ததாயிற்று. குடும்பத்தோடு கடிதப் போக்குவரத்தும் குறைந்தது.

ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். விருந்தினர் மூன்றாம் முறை பரிமாறியதை வேண்டாமென்றதும், தம் உணவு அவமதிக்கப்பட்டதாக மனம் புண்பட்டு, எவரிடமும் சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டுக்குச் சென்றுவிட்டார். சில நாள் கழித்தே செய்தி வந்தது. தனிமை நெடுநாள் நீடிக்கும்போது சிறு சொல்லும் பெருங்காயமாகிவிடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

நோயும் புகழும்

1917இல் இராமானுஜன் நோயுற்றார். காசநோய் என மருத்துவர்கள் கருதினர். சன்னல்களைத் திறந்துவைத்து, குளிர்ந்த காற்றில் நோயாளியைக் கிடத்துவதே அக்கால மருத்துவம். வெப்ப நாட்டினரான அவருக்கு அது பெருந்துன்பமாயிற்று. குளியலறைகள் மட்டுமே வெதுவெதுப்பாக இருந்தமையால், நாளும் பேனாவும் தாளுமாக அங்குச் சென்று எழுதப் போவதாக அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1994இல் மருத்துவர் யங் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் எனக் கருத்துரைத்தார். அந்நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது.

புகழும் அப்போதுதான் வந்தது. 1918 மே மாதம் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வு பெற்றார். அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

தெரிந்து தெளிவோம்

இலண்டன் பட்னியில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சிறப்பற்ற எண் என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு வேறு வழிகளில் இரண்டு கனங்களின் கூடுதலாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்றார்.
1729 = 1³ + 12³ = 9³ + 10³

திரும்பி வந்தவர் விட்டுச்சென்றவை

1919 பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். அதற்கு முந்தைய மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டுக்கு 250 பவுண்டு தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு 50 பவுண்டு அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் வேண்டினார். தாளுக்கும் கட்டணத்திற்கும் தவித்த இளமையை அவர் மறக்கவில்லை.

தாயகத்தில் நோய் முற்றியபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதி நாள்களில் எழுதிய தாள்களைக் கணித அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

இங்கிலாந்து சென்றிராவிடில் இராமானுஜன் நெடுநாள் வாழ்ந்திருக்கக்கூடும். ஆயின், உலகம் அவரை அறிந்திருக்குமா என்பது ஐயமே. இவ்விரண்டில் ஒன்றைத்தான் ஒரு மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் நிலை இருத்தல் ஆகாது. இன்று அயல்நாடு செல்வோர் நாள்தோறும் பெற்றோரின் முகத்தைத் திரையில் காண்கின்றனர். புளியும் பருப்பும் அருகிலேயே கிடைக்கின்றன. எனினும், குளிரும் தனிமையும் மாறவில்லை. சமைக்கத் தெரிதல், உடல்நலம் பேணல், துன்பத்தை ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லல் ஆகியனவும் அயல்நாட்டுக் கல்வியின் பாடங்களே. நம்மிடையே புதிதாக வந்து சேரும் மாணவருக்குக் கம்பளியின் உள்ளே எப்படி நுழைவது எனச் சொல்லித்தருதல் நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. வெளியூரிலோ வெளிநாட்டிலோ தங்கிப் பயிலும் ஒருவரிடம் அவரது முதல் மாத வாழ்வு குறித்து வினவிக் கட்டுரையாக்குக.
2. ‘காண்பதும் மெய்ப்பிப்பதும் வெவ்வேறு’ என்னும் கருத்தைப் பிற பாடங்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
3. உங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் சொல்ல வேண்டிய ஐந்து செய்திகளைத் தொகுத்து எழுதுக.