பெங்குவினும் கணவாயும் நம் காவிரியும்

விடுமுறைக்கு மும்பை சென்று வரும் நம் சங்கக் குடும்பங்கள் பலவும் பைக்குல்லா மிருகக்காட்சிசாலையில் பெங்குவின் பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன. 2016-ல் தென்கொரியாவின் சோல் நகரிலிருந்து எட்டுப் பறவைகள் அங்கு வந்து சேர்ந்தன. 2017 மார்ச் முதல் பொதுமக்கள் பார்த்து வருகிறார்கள். "பனிமலை எங்கே தாத்தா?" என்று குழந்தைகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. ஹம்போல்ட் பெங்குவின் எனப்படும் இந்த இனத்துக்கும் பனிமலைக்கும் சம்பந்தமே கிடையாது. தென்னமெரிக்காவில் பெரு, சிலி நாடுகளின் கடற்கரைதான் இதன் சொந்த ஊர். அந்தக் கரை ஒரு பாலைவனம். கள்ளிச்செடிக்குப் பக்கத்திலேயே பெங்குவின் கூடு வைத்திருக்கும்!

நிலம் காய்ந்தாலும் கடல்நீர் குளிர்ச்சியானது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1802-ல் அந்தக் குளிர்ச்சியை அளந்து எழுதினார். நீரோட்டத்துக்கும் பெங்குவினுக்கும் அவர் பெயரே நிலைத்தது. தெற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று, பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. மோட்டார் இல்லாத பம்ப் செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி வரும் நீரில் உரச்சத்து மிகுதி. வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. பாசியைத் தின்ன நுண்ணிய பிராணிகள், அவற்றைத் தின்ன நெத்திலி வகை மீன்கள், மீனையும் சிறு பிராணிகளையும் தின்னக் கணவாய், எல்லாவற்றையும் தின்னப் பெங்குவின் என்று வரிசை நீளும்.

கணவாயை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்தார் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் என்று பிரித்துச் சொல்வார்கள். மங்களூரிலிருந்து மைசூருக்கு வரும் மீன் கூடையில் ஊசிக் கணவாய்க்கு 'பொண்டாஸ்' என்று பெயர். உடலில் எலும்பு இல்லாத இந்தப் பிராணிக்குக் கிளி மூக்கு போல ஒரு கடினமான அலகு உண்டு. பெங்குவின் வயிற்றில் சதையெல்லாம் கரைந்த பிறகும் அந்த அலகு கரைவதில்லை. அதன் வடிவத்தைக் கொண்டு எந்த இனக் கணவாய், எவ்வளவு பெரியது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுவிடுகிறார்கள். என்ஜின் எண்ணெயில் மிதக்கும் உலோகத் துகளைப் பார்த்து எந்தப் பாகம் தேய்கிறது என்று ஷெட்டில் கண்டுபிடிக்கிறோமே, அதே வித்தைதான்.

அண்டார்டிகாவின் எம்பரர் பெங்குவின் ஐந்நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கி மீனும் கணவாயும் பிடிக்கக் கூடியது. நம் மும்பை விருந்தாளியின் இனம் அவ்வளவு ஆழம் போகாது. நாலைந்து கிலோ எடையுள்ள பறவை அது. அதே கடலில் ஒன்றரை மீட்டர் வரை வளரும் ராட்சதக் கணவாயும் இருக்கிறது. அதற்கும் ஹம்போல்ட் பெயர்தான்! ஆனால் பெங்குவினுக்குக் கட்டுப்படியாவது சிறிய கணவாய்கள் மட்டுமே. அதிலும் நெத்திலியில் உள்ள கொழுப்பு கணவாயில் இல்லை. வளரும் குஞ்சுக்கு நெத்திலிதான் சத்து. மீன் குறையும்போது கணவாய் கைகொடுக்கும். ஆனால் சிறு கணவாய்களின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டுதான், முட்டையிட்டதும் இறந்துவிடும். ஒரு வருஷம் கடல் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடும்.

கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்பறவைகளின் எச்சம் பல மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கிடந்த தீவுகளில் பெங்குவின்கள் வளை தோண்டிக் குடியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையெல்லாம் உரமாக வெட்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்கித்தான் பெரு அரசாங்கம் ஆண்டிஸ் மலைமேல் ரயில் பாதை போட்டது. 4,700 மீட்டருக்கு மேலே ஏறும் பாதை அது. ரயில்வேக்காரனான எனக்கு அதன்மேல் மோகம் உண்டு. ஆனால் அந்தச் செலவில் ஒரு பங்கைப் பெங்குவின் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்கிறது. மேலே வெந்நீர்ப் படலம் தடித்துப்போக, பம்ப் உரநீரை இறைப்பதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைக் கண்ட பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவைக் குறித்து 'எல் நினோ' என்றார்கள். நெத்திலி ஆழத்துக்கும் தெற்கேயும் போய்விடும், கணவாயும் இடம் மாறும். பறக்கத் தெரியாத பறவை எவ்வளவு தூரம் தேடி நீந்தும்? தாய் தந்தை கூட்டை விட்டுப் போய்விடுகின்றன. 1982-83 எல் நினோவில் பெருவின் ஹம்போல்ட் பெங்குவின்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1904-ல் நம் நாட்டு வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடியவர். பசிபிக் கடலிலும் இந்துமாக்கடலிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுப்போல் ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். எல் நினோ அதே தராசின் மறுபக்கம் என்பது 1960-களில் தெளிவாயிற்று. தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கிறதா? அப்போது, 1877-ல், பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ. சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரண வேலையாக மண் வெட்டிப் போட்டதுதான் 1882-ல் மைசூரை எட்டிய பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை. பிறகு அகலப்பாதையான அதே வழியில்தான் இன்றும் பெங்களூர் போகிறோம்.

எல் நினோ வந்தால் மழை பொய்த்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. 1997-ல் கடுமையான எல் நினோ, ஆனாலும் பருவமழை குறையவில்லை. 2023-ல் குறைந்தது. அந்த ஆகஸ்ட், 1901 முதல் உள்ள கணக்கில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். கே.ஆர்.எஸ். அணை 124.80 அடியை எட்டவில்லை. செப்டம்பரில் காவிரிக்காக பந்த் நடந்த நாளில், வாசலில் தமிழில் உரக்கப் பேச வேண்டாம் என்று எத்தனை வீடுகளில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்! இங்குள்ளவர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டிருக்க, காரணத்தில் ஒரு பங்கு பெங்குவின் பட்டினி கிடக்கும் அந்தக் கடலில் இருந்தது. மே, ஜூன் மாதங்களில் பசிபிக் வெப்பம் பற்றிச் செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும். நான் அதைப் படித்துவிட்டுத்தான் அணை நீர்மட்டத்தைப் பார்க்கிறேன்.

மும்பை செல்பவர்கள் கவனிக்க: பைக்குல்லா மிருகக்காட்சிசாலைக்குப் புதன்கிழமை விடுமுறை.